குடம் சின்னது, குழாயும் சின்னது

சனிக்கிழமை விடிகாலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவது எங்கள் வீட்டு வழக்கம். முன்பு ஸ்கூட்டரில் போவேன், 2023-இலிருந்து மின்சாரக் காரில். மீன் பையைக் காரில் ஏற்றாதே என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். யார் பேச்சையும் கேட்கவில்லை. இன்றைக்கும் ஏசியைப் போட்டதும் முதல் இரண்டு நிமிடம் லேசாக ஒரு நெத்திலி வாடை வரும். அப்புறம் பழகிவிடும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சித்தி மகனும் கூட வந்தான். அவன் கொருக்குப்பேட்டையில் இருக்கிறான், மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. வஞ்சிரத்தின் விலையை மட்டும் கேட்டுவிட்டு மரியாதையாக நகர்ந்து, சங்கராவும் நெத்திலியும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். எஸ்.என். செட்டித் தெருவில் மீன்பாடி வண்டிகளுக்கு நடுவே நகர முடியாமல் நின்றபோது கேட்டான்.

“அக்கா, இந்த வண்டியையே இப்ப வாங்கிடவா, இல்ல பெருசா ஏதாவது அப்டேட் வர்ற வரைக்கும் இருக்கவா? பழைய மாடல் ஆயிடுச்சுன்றாங்களே.”

உடனே பதில் சொல்ல வரவில்லை. “வீட்டுக்குப் போய்ப் பேசலாம்டா” என்றேன். வீட்டுக்குப் போய் மீன் ஆய்ந்ததில் மறந்துபோனது. ஆனால் கேள்வி மட்டும் உள்ளேயே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

என்னுடையது டாடா டியாகோ ஈ.வி., 24 யூனிட் பேட்டரி. புத்தகத்தில் கிலோவாட் அவர் என்று போட்டிருப்பார்கள். கரன்ட் பில்லில் நாம் யூனிட் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான், அதனால் யூனிட் என்றே எழுதுகிறேன். 2022 செப்டம்பரில் இந்த மாடல் வந்தபோது ஆரம்ப விலை 8.49 லட்சம். பத்து லட்சத்துக்குள் ஒரு மின்சாரக் கார் என்பது அன்றைக்குச் செய்தி. நான் வாங்கியது 2023 ஏப்ரலில்.

பழைய மாடல் என்றால் எவ்வளவு பழையது? உடம்பு 2016-இல் வந்த பெட்ரோல் டியாகோவினுடையது. எஞ்சினையும் டேங்கையும் எடுத்துவிட்டு மோட்டாரையும் பேட்டரியையும் வைத்தார்கள். அந்தக் கணக்கில் இது பிறக்கும்போதே ஆறு வயது. அதன் பிறகு என்னென்னவோ வந்துவிட்டது. மின்சாரத்துக்கென்றே வடிவமைத்த அடித்தளத்தில் 2024 ஜனவரியில் பஞ்ச் ஈ.வி. வந்தது, அதே நிறுவனத்தின் வண்டிதான். அந்த வருடம் செப்டம்பரில் எம்.ஜி. வின்ட்சர், நவம்பரில் மகிந்திராவின் பி.இ.6. 2025 ஜனவரியில் நம் ஸ்ரீபெரும்புதூரில் செய்கிற கிரெட்டா எலெக்ட்ரிக். டியாகோவுக்கும் 2025 தொடக்கத்தில் ஒரு புதுப்பிப்பு நடந்தது: எல்.இ.டி. முகப்பு விளக்கு, பெரிய திரை. என் தம்பி ‘அப்டேட்’ என்று கேட்டது இதையல்ல. இது பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. அவன் கேட்டது சுவரை இடித்துக் கட்டுகிற வேலையை.

திரையைப் பற்றிய என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் ஏழு அங்குலத் திரை. பத்தே கால் அங்குலமாக இருந்தால் மட்டும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் லாரி வழிவிடுமா என்ன? நான் பார்க்க வேண்டியது எனக்கு முன்னால் போகிற நாற்பது அடி கன்டெய்னரின் பின்விளக்கை. அதுவே பாதி நேரம் எரிவதில்லை.

அடுத்து ரேஞ்ச். மின்சாரக் கார் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “எவ்ளோ ஓடும்?” காகிதத்தில் 315 கிலோமீட்டர். அது ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்த கணக்கு. அங்கே வேகம் 90-ஐத் தாண்டாது, ஏசி ஓடாது. சென்னையில் ஏசி இல்லாமல் கார் ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. எனக்கு நகரத்துக்குள் 210 வருகிறது, நெடுஞ்சாலையில் கொஞ்சம் குறையும். இது எனக்குக் குறையே இல்லை. தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனையில் இருக்கும் அலுவலகம் ஆறேழு கிலோமீட்டர். மகளை டியூஷனில் விடுவது, மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு 25. வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை இரவில் செருகினால் போதும். இந்த வண்டிக்கு 40 யூனிட் பேட்டரி கொடுத்தால் நான் சும்மா சுமந்துகொண்டு திரிய வேண்டியதுதான். எடையும் கூடும், விலையும் கூடும்.

அப்படியானால் இந்த மாடலுக்குப் பெரிய மாற்றம் எதுவும் வேண்டாமா? போன வருடம் வரை நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். திருப்பதி போய் வந்த பிறகு பேச்சை மாற்றிக்கொண்டேன்.

செங்குன்றம், ஊத்துக்கோட்டை, புத்தூர் வழியாகப் போனோம். வண்டியில் நான்கு பேர், முழு சார்ஜ். மலையடிவாரம் போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் 33 சதவீதம் மிச்சம், அதாவது எட்டு யூனிட். மேலே ஏறுவதற்கு எவ்வளவு வேண்டும் என்று முந்தின இரவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வண்டியும் ஆட்களுமாக ஒன்றரை டன். ஏற்றம் சுமார் 700 மீட்டர். பள்ளிக்கூடத்து இயற்பியல் சூத்திரத்தில் போட்டால் ஏற்றத்துக்கு மட்டுமே மூன்று யூனிட் வருகிறது, உருளுவதற்கும் ஏசிக்கும் இன்னும் இரண்டு. போய்விடலாம்தான். இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்துக் கொஞ்சம் திருப்பித் தரும். ஆனாலும் பெருமாளை நம்புகிற அளவுக்குச் சதவீதத்தை நம்ப மனம் வரவில்லை. கீழேயே சார்ஜ் போட்டுக்கொள்வோம் என்று ஒரு நிலையத்துக்குப் போனோம்.

அங்கே 60 கிலோவாட் இயந்திரம் ஒன்று, இரண்டு கன்களோடு, அதாவது வண்டியில் செருகும் இரண்டு பிடிகளோடு நின்றது. கிலோவாட் என்பது கரன்ட் ஏறுகிற வேகம். ஒன்றின் தலையில் துணி கட்டியிருந்தது. காவலாளி கையை விரித்தார். இன்னொன்றைச் செருகினேன். திரையில் வேகம் 22, 23, 24 கிலோவாட் என்று ஏறி, 24-லேயே நின்றது. இயந்திரம் 60 தரத் தயார், என் வண்டி வாங்குவது 24. இது பழுதல்ல. வாங்கும்போதே காகிதத்தில் இருந்ததுதான்: பத்து சதவீதத்திலிருந்து எண்பது வரை ஏற ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. காகிதத்தில் படித்தபோது அது வெறும் எண்ணாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கர்நாடகப் பதிவெண் போட்ட பெரிய மின்சாரக் கார் ஒன்று வந்து பின்னால் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கிப் பார்த்தார், துணி கட்டிய கன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?” என்று கேட்டார். முக்கால் மணி நேரம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடும்பத்தோடு டிபன் சாப்பிடப் போனார், திரும்பி வந்தார், நடந்தார், நின்றார். நான் கழற்றியதும் அவர் செருகினார். ஆர்வத்தில் எட்டிப் பார்த்தேன். திரையில் 50-க்கு மேல் ஓடியது. எனக்கு முக்கால் மணியில் ஏறியது அவருக்கு இருபது நிமிடத்தில் ஏறிவிடும்.

அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது மெட்ரோ வாட்டர் லாரி. வடசென்னையில் வளர்ந்த யாருக்கும் குடம் வரிசையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டாம். நம் குடம் சின்னதாக இருந்தால் சீக்கிரம் நிரப்பிக்கொண்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் தோன்றும். தெருக்குழாயில் அது உண்மை. பேட்டரியில் குடம் சின்னதானால் அதன் வாயும் அதற்கேற்பச் சின்னதாகிவிடுகிறது.

ஏன் என்று கேட்டால், ஒரு செல் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதை அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். 24 யூனிட் பேட்டரிக்குள் 24 கிலோவாட் ஓடினால் ஒரு மணி நேரத்தில் நிரம்பும். அதை 1சி என்கிறார்கள். அதே 1சி வேகத்தில் 60 யூனிட் பேட்டரி 60 கிலோவாட்டை வாங்கிக்கொள்ளும். நிரம்புகிற நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் பெரிய வண்டி அந்த நேரத்தில் இரண்டரை மடங்கு தூரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. இதைவிட வேகமாகத் தள்ளினால் வேறு சிக்கல் வரும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்கார வேண்டும். அவசரப்படுத்தினால் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே உலோகமாகப் படியும். படிந்தது படிந்ததுதான், பேட்டரியின் ஆயுள் அங்கேயே குறையும். சூடு வேறு. அதனால்தான் வண்டியில் இருக்கும் கணினி ஓர் அளவோடு கதவைச் சாத்திவிடுகிறது.

சரி, இது இயற்கையின் விதி, மாற்ற முடியாது என்று விட்டுவிடலாமா? முடியாது. மகிந்திரா பி.இ.6-இன் 79 யூனிட் பேட்டரி, 175 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இயந்திரத்தில் 20-லிருந்து 80 சதவீதம் ஏற 20 நிமிடம்தான் என்கிறது நிறுவனம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 நிமிடத்தில் 47 யூனிட். ஏறத்தாழ 1.8சி வேகம். அதில் இருப்பதும் என் வண்டியில் இருப்பதைப் போன்ற எல்.எஃப்.பி., அதாவது இரும்பு-பாஸ்பேட் வகைப் பேட்டரிதான்; ஆனால் செல்லும் புதுசு, குளிர்விக்கும் ஏற்பாடும் புதுசு. அதே வேகம் டியாகோவின் 24 யூனிட்டுக்குக் கிடைத்தால் 10-லிருந்து 80 வரை 25 நிமிடத்துக்குள் ஏறிவிடும். ஒரு காபி, ஒரு பொங்கல், கை கழுவிக்கொண்டு கிளம்பலாம். பி.இ.6-இன் விலைக்கு இரண்டு டியாகோ வாங்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் முதலில் பெரிய வண்டிக்கு வந்த தொழில்நுட்பம் எதுவுமே பின்னால் சின்ன வண்டிக்கு வராமல் இருந்ததில்லை. பவர் விண்டோ அப்படித்தான் வந்தது, ஏர்பேக் அப்படித்தான் வந்தது.

ஆக, குடத்தைப் பெரிதாக்க வேண்டாம், வாயைப் பெரிதாக்குங்கள் என்பது என் முதல் கோரிக்கை. சின்ன பேட்டரி வண்டிக்குத்தான் இது அதிகம் தேவை. பெரிய வண்டிக்காரர் வழியில் ஒரு முறை நின்றால், நாங்கள் இரண்டு முறை நிற்கிறோம்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1955-இலிருந்து சென்னையில் புல்லட் செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அங்கே வேலை பார்த்தவர் இல்லாத தெரு குறைவு.

“இன்னாமா, மாடல் மாறணும் மாடல் மாறணும்ன்றீங்க. புல்லட்டு மூஞ்சி எப்ப மாறிச்சு சொல்லு? டேங்க் அதே டேங்க்கு, அந்தக் கோடு அதே கோடு. ஆனா உள்ள எஞ்சினு மொத்தமா வேற.”

அவர் சொன்னது 2010-ஐ ஒட்டி நடந்தது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் போய், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக அமைந்த அலுமினிய எஞ்சின் வந்தது. புகை விதிகள் இறுகிய காலம் அது. வெளியிலிருந்து பார்த்தால் அதே புல்லட்தான். வலது காலில் இருந்த கியர் இடது காலுக்குப் போனதை மட்டும் ஓட்டுகிறவர்கள் மன்னிக்கவே இல்லை.

“அந்த டுப்பு டுப்பு சத்தம் போச்சுன்னு அழுதானுங்க. வாரா வாரம் டாப்பெட் செட் பண்ற வேலயும்தான் போச்சு. அதுக்கு ஒருத்தனும் அழல” என்றார்.

மின்சாரக் கார்களிலும் இப்படி முகத்தை வைத்துக்கொண்டு வயிற்றை மட்டும் மாற்றிய வண்டிகள் உண்டு. பி.எம்.டபிள்யூ ஐ3 2013-இல் வந்தது, 2022 வரை விற்றது. முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் பேட்டரி 22 யூனிட்டிலிருந்து 33, அப்புறம் 42 என்று ஏறியது, அதே பெட்டி அளவுக்குள். செல்கள் மட்டும் அடர்த்தியாகிக்கொண்டே போயின. சில நாடுகளில் பழைய வண்டிக்காரர்களுக்கும் 33 யூனிட் பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள்.

நிசான் லீஃப் கதை வேறு. 2010 டிசம்பரில் வந்த வண்டி, உலகம் முழுக்க நிறைய விற்றது. பேட்டரியைக் குளிர்விக்கத் திரவக் குழாய் எதுவும் கிடையாது. குளிர் நாடுகளில் பிரச்சினை தெரியவில்லை. அமெரிக்காவில் அரிசோனா பாலைவன வெயிலில் ஓடிய வண்டிகளுக்கு இரண்டே வருடத்தில் கொள்ளளவு சரியத் தொடங்கியது, பெரிய தகராறானது. நிறுவனம் பேட்டரிக் கொள்ளளவுக்குத் தனியாக உத்தரவாதம் கொடுத்தது, வெயில் தாங்கும் செல்களைக் கொண்டுவந்தது, 2014-இல் பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு புதியதை 5,499 டாலருக்கு மாற்றித் தருவதாக அறிவித்தது. 2017-இல் உடம்பு முழுக்கப் புதிதாக இரண்டாவது தலைமுறை லீஃப் வந்தது. அழகான முகம்தான். ஆனால் குளிர்விப்பு அப்போதும் திரவமில்லை. சார்ஜ் செருகும் துளையும் அதே சாடெமோ. ஜப்பானுக்கு வெளியே அநேகமாக எல்லோரும் கைவிட்டுக்கொண்டிருந்த முறை. 2025-இல் வந்த மூன்றாவது தலைமுறையில்தான் குளிர்விப்பும், ஜப்பானுக்கு வெளியே துளையும் மாறின. லீஃபுக்கு வயதாக்கியது அதன் முகம் இல்லை. அந்தக் குளிர்விப்பும் அந்தத் துளையும்தான். பதினைந்து வருடம் தள்ளிப்போட்டார்கள்.

நல்ல வேளை, டியாகோவில் இரண்டும் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக இருக்கின்றன. பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இருக்கிறது, துளையும் எல்லா நிலையங்களிலும் இருக்கும் சி.சி.எஸ்.2. மே மாதத்து தண்டையார்பேட்டை வெயிலை நினைத்துப் பார்த்தால் அரிசோனாக்காரர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பரிவு வருகிறது.

இரண்டாவது கோரிக்கை ஒன்று இருக்கிறது. எனக்கு இதுதான் பெரியது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வண்டி வாங்கி எட்டு மாதம். எங்கள் வீட்டு வாசல் தெருவைவிட இரண்டடி உயரம். மாமனார் கட்டும்போதே யோசித்துக் கட்டியது, அவருக்குப் புண்ணியம். வண்டியைச் சரிவில் ஏற்றி வாசலோடு ஒட்டி நிறுத்தியிருந்தேன். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், டயரில் பாதி வரை வந்து நின்றது. பேட்டரிக்கு ஐபி67 தரச்சான்று உண்டு, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். சோதனைச் சாலையின் சுத்தமான தண்ணீரில் அரை மணி நேரம் என்பது வேறு, எங்கள் தெருவின் சாக்கடைத் தண்ணீரில் மூன்று நாள் என்பது வேறு. எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்த வெள்ளம் அது. டயரோடு நின்றதால் என் வண்டி தப்பியது.

கரன்ட் போய்விட்டது. மூன்று இரவு. மாமியாருக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் முதல் நாள் சாயங்காலமே சூடாகத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அண்ணன் மீன் வியாபாரி. அவரிடம் மிச்சமிருந்த ஐஸை ஒரு தெர்மாகோல் பெட்டியில் கொட்டி, மேலே துணியை மடித்துப் போட்டு, ஐஸ் நேராகப் படாமல் இன்சுலினை வைத்தோம். அத்தை ஒவ்வொரு வேளையும் ஊசி போடும் முன், “மீன் வாடை அடிக்குதே, இது உடம்புக்கு ஆவுமா?” என்று கேட்டார்.

அந்த மூன்று இரவும் வாசலில் என் வண்டி 80 சதவீதம் சார்ஜோடு நின்றது. பத்தொன்பது யூனிட். எங்கள் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குள் இழுக்கும். இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு, போன்கள் எல்லாம் சேர்த்தால் மூன்றரை. கஞ்சத்தனமாக ஓட்டியிருந்தால் ஐந்து நாள் தாங்கியிருக்கும். வாசலில் பத்தொன்பது யூனிட், உள்ளே மெழுகுவத்தி. எடுக்க வழி இல்லை, ஏனென்றால் வண்டியின் சார்ஜ் வாசல் கரன்ட் உள்ளே போவதற்கு மட்டும்தான். போன் மட்டும் காரில் உட்கார்ந்து சார்ஜ் போட்டுக்கொண்டோம், தெருவே வந்து போட்டுக்கொண்டது.

காரிலிருந்து வீட்டுச் சாமான்களுக்குக் கரன்ட் எடுக்கும் வசதிக்கு வி-டு-எல் என்று பெயர். இது ஏதோ எதிர்காலக் கனவு இல்லை. 2023 செப்டம்பரில், அதாவது அந்தப் புயலுக்கு மூன்று மாதம் முன்பு, புதுப்பித்து வந்த டாடாவின் நெக்ஸான் ஈ.வி.யிலேயே இருந்தது. பெரிய அண்ணனுக்குக் கொடுத்தார்கள், சின்னத் தம்பிக்குக் கொடுக்கவில்லை. முகாமில் காபி போடலாம், மலையில் படம் பார்க்கலாம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். மலையில் படம் பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம்தான். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் இருக்கிறவர்களுக்கு டிசம்பர் மாதம் இது என்ன பொருள் என்று யாராவது அந்த நிறுவனங்களிடம் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டர் இல்லையா என்று கேட்பீர்கள். எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ இரண்டு யூனிட். அது முதல் இரவே படுத்துவிட்டது.

எனவே பெரிய அப்டேட் வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் ஒரே இடத்தில்: கரன்ட் வந்து போகிற அந்த வாசலில். வேகமாக உள்ளே வரட்டும், வேண்டும்போது வெளியேயும் போகட்டும். கூரை, கதவு, முகம், சீட் எல்லாம் 2016-லேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படி எழுதியதும் என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, “அப்ப நம்ம வண்டி வெல இன்னா ஆவுறது?” என்றார். நியாயமான பயம். புது மாடல் வந்த மறுநாள் பழைய போனுக்கு ஆவது இதற்கும் ஆகும். அதனால்தான் ஐ3 மாதிரி, புதிய பேட்டரியும் சார்ஜ் பெட்டியும் பழைய வண்டியின் அதே இடத்தில் உட்காருகிற மாதிரி செய்தால் உண்டு. செய்வார்களா? எனக்கு நம்பிக்கை குறைவு. பழைய வாடிக்கையாளருக்குப் பேட்டரி மாற்றுவதைவிடப் புதியவருக்குக் கார் விற்பது லாபம்.

இப்போது தம்பிக்கு வருகிறேன். அவன் ஒரு நாளைக்கு ஓட்டப்போவது கொருக்குப்பேட்டை - மணலி, போகவர இருபது கிலோமீட்டர் சொச்சம். ஊருக்கு ரயிலில்தான் போவான். அவனுக்கு இந்தப் பழைய மாடலே தாராளம். ஆனால் கணக்கு இப்போது முன்பு போல இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. மின்சாரக் காருக்கு முன்பும் 5, இப்போதும் 5. இடைவெளி சுருங்கிவிட்டது. பெட்ரோல் டியாகோ அவன் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. கரன்ட் மலிவு என்று சொன்னாலும், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் பில்லின் குணமே மாறிவிடும், அதையும் பார்க்க வேண்டும். இருந்தாலும் டிரெய்லர் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கிற சாலையில், கிளட்ச் மிதிக்காமல், புகை விடாமல் நிற்பதற்கு என்ன விலை போடுவது? 2025 ஜூன் கடைசியிலிருந்து வியாசர்பாடி பணிமனையின் மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன, முதல் தவணையிலேயே 120. அவனே சொன்னான், ஒரு நாள் ஏறி உட்கார்ந்தவன் இறங்க மனமில்லாமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போனானாம். கார் வாங்கும் ஆசையே அங்கேதான் தொடங்கியதோ என்னவோ.

போன வாரம் போன் பண்ணினேன். “வாங்குறதோ காத்திருக்கறதோ அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல வீட்டு எர்த்தைப் பாரு” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை. 2023-இல் வண்டி வீட்டுக்கு வந்த அன்று, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் சுற்றி, இரவு சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு. வண்டியில் கோளாறு இல்லை. எர்த் என்பது கசிகிற கரன்ட்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, அது சரியில்லாவிட்டால் சார்ஜர் வேலை செய்யாது. எங்கள் பழைய வீட்டில் எர்த் என்று பெயருக்கு ஒரு கம்பி இருந்தது, எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் வந்த எலெக்ட்ரீஷியன், “நியூட்ரல்லேர்ந்து எர்த்துக்கு ஒரு லிங்க் போட்டுடறேன்க்கா, பச்ச எரியும்” என்றார். பச்சை எரியும்தான். என்றைக்காவது வெளியே நியூட்ரல், அதாவது கரன்ட் திரும்பிப் போகிற கம்பி, அறுந்தால் காரின் உடம்பு முழுக்கக் கரன்ட் பாயும். அவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக வந்தவர் பெரியவர். வாசல் ஓரம் குழி எடுத்து, பைப்பை இறக்கி, கரியும் உப்புமாகப் போட்டு மூடி, மீட்டர் வைத்துப் பார்த்தார். “கடல் பக்கம்மா. மண்ணுலயே ஈரமும் உப்பும் இருக்கு. எர்த்து இந்த மாதிரி எங்கயும் கெடைக்காது” என்றார். எங்கள் பக்கத்து மண்ணை ஒருவர் புகழ்ந்து கேட்டது எனக்கு அதுதான் முதல் முறை.

நேற்று தம்பி ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான். வீட்டு முன்னால் குழி, பக்கத்தில் உப்பு மூட்டை, எட்டிப் பார்த்துக்கொண்டு சித்தி. வண்டி இன்னும் முடிவாகவில்லையாம். நாலடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது, மேலே தோண்டவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறான்.